கடலோரக் கிரைம் சீரிஸ்: பொணம் மறுநாளே கரையேறுமா?

தெற்குவாடி டிரைவர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன் தெற்குவாடிக்காரன், விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போக ஆரம்பிச்சு 19 வருசம் ஆச்சு. இப்ப மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எங்க போட்டு, அதான் படகு, சும்மா கயித்துல கெடக்கு. மடிவலையத் தச்சாச்சு, போட்டுக்குப் பெயிண்டு அடிச்சாச்சு, நிவாரணம் 8,000 ரூபா ஏறிருச்சாண்டு பேங்குக்கு மூணு நட நடந்தாச்சு. மிச்சப் பொழுதுக்குக் கிரைம் சீரிஸ்தான். வருசம் பூரா சேத்து வச்சு இந்த ரெண்டு மாசத்துலதான் பாக்குறது. ராத்திரி சோறு தின்னுட்டு நான், வீட்டுக்காரி, எங்கம்மா, மச்சான் நாலு பேரும் டீவி முன்னாடி உக்காந்துருவோம்.

வீட்டுக்காரிக்கு ஒரு கணக்கு இருக்கு. தெரிஞ்ச மூஞ்சி நடிகர் யாரு சும்மா வந்து டீ குடிச்சிட்டுப் போறாரோ அவருதான் கொலகாரன். "டீ குடிக்கவா இவ்வளவு சம்பளம் குடுத்துக் கூட்டியாந்தாங்க?"ம்பா. பத்துக்கு ஏழு அவ சொன்னபடிதான் வருது. அம்மா கணக்கு வேற. அதுக்குக் கண்ணுல புரை விழுந்துருச்சு, டீவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஓலப்பெட்டி முடைஞ்சுக்கிட்டே காதால மட்டும் கேக்கும். அதப் பொறகு சொல்றேன்.

இப்ப எங்க வீட்டுல ஓடுறது 'சுழல்' ரெண்டாவது சீசன். 2025 பிப்ரவரி 28-லயே வந்துருச்சு, எங்களுக்கு இப்பத்தான் நேரம். மொத சீசன் சாம்பலூர், சிமெண்டு ஆல, மயானக் கொள்ளைண்டு போச்சுல்ல, இதுல காளிபட்டினம்ண்டு ஒரு கடக்கர ஊரு, அஷ்டகாளி திருவிழா. ரெண்டு ஊருமே கற்பனதான். வக்கீல் செல்லப்பாவா லால் நடிச்சுருக்காரு. கடலோர வீட்டுல செத்துக் கெடக்குறாரு, கதவு உள்பக்கம் பூட்டிக் கெடக்கு, அலமாரிக்குள்ள ஒரு பொண்ணு. எட்டு எபிசோட்ல அஞ்சு முடிச்சுட்டோம். கதையப் பத்தி எனக்குக் கொற இல்ல. கதிர் அந்தப் போலீசு சக்கரையாவே இருக்காரு.

எனக்குள்ள கொற பொதுவா இந்தக் கடலோரக் கிரைம் சீரிஸ், சினிமா எல்லாத்து மேலயும்தான். ராத்திரி பொணத்தக் கடல்ல போடுறான். விடிஞ்சா அதே கரையில, போட்ட எடத்துக்கு நேரா, சட்டப் பட்டன்கூட கழறாம, தல சீவுனது கலையாம வந்து படுத்துருக்கும். தூங்குன புள்ளய எடுத்துப் போட்ட மாதிரி. அடுத்தது, கொலகாரன் ஒத்த ஆளா ஒரு விசைப்படகக் கெளப்பிக்கிட்டு நடுக்கடலுக்குப் போவான், ஒரு பயலும் கேக்க மாட்டான். அந்த எடம் வந்தாலே நான் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிருவேன்.

மச்சான் சொல்றான், பொணம் மறுநாளே வரும், சீரிஸ்ல காட்டுறது சரிதாண்டு. நான் வராதுங்குறேன். ஒரு கிலோ நண்டு பந்தயம். தடைக்காலத்துல நண்டு என்ன வெலண்டு தெரியும்ல. டாக்டரு, போலீசு யாராச்சும் இருந்தா தீத்து வைங்க. கடல் ஒழுங்கா வந்த எபிசோட் எதையாவது பாத்துருந்தா அதையும் சொல்லுங்க. ஆறாவது எபிசோட்லேருந்து கதைய மட்டும் சொல்லிறாதீங்க, கும்புட்டுக் கேக்குறேன்.


தொண்டிப் பொடியன்:

அண்ணே, தல சீவுனது கலையாத பொணம்னு சொன்னீங்க பாருங்க, சிரிச்சு முடியல.

எனக்கு வேற கோவம். நம்ம பக்கம் கதைக்குப் பஞ்சமா? கடல் அட்டையத் தொடக்கூடாதுன்னு 2001-ல சட்டம் போட்டாங்க. இன்னமும் கருவக்காட்டுக்குள்ள அண்டாவ வச்சு அவிச்சுக் காயப்போட்டு அக்கரைக்கு, இலங்கைக்கு ஏத்துறானுவ. பீடி இல போகுது, மஞ்சள் போகுது, அங்கேருந்து தங்கம் வருது. 2023-ல கோஸ்ட் கார்டு படக வெரட்டுறாங்கன்னதும் தங்கத்தத் தூக்கி மண்டபம் பக்கம் கடல்ல போட்டானுங்க. டைவருங்க முங்கி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அத எட்டு எபிசோட் எடுக்கலாம்ல? இவங்க என்னடான்னா கலங்கரை விளக்கத்து மேல நின்னு வில்லன் வசனம் பேசுறதக் காட்டுறாங்க. 2025 ஏப்ரல்ல பாம்பன் புது ரயில் பாலம் வேற தெறந்தாச்சு. இனிமே நம்ம பக்கம் எந்த சீரிஸ் எடுத்தாலும் மொத சீன்ல அந்தத் தூக்குப் பாலத்த டிரோன்ல நாலு சுத்துச் சுத்திக் காட்டாம விட மாட்டாங்க, எழுதி வச்சுக்கங்க.

பந்தயத்துல நான் ஒங்க மச்சான் பக்கம். நண்டு எனக்கும் அனுப்புங்க.


கீழக்கரை லாத்தா:

நான் எல்லா சீரிஸையும் பாக்குற ஆளு. மாப்பிள சவூதியில, நானும் ரெண்டு மகள்மாரும் உம்மாவும்தான் வீட்டுல. 'சுழல்' ரெண்டு வந்தது நோன்புக்கு ரெண்டு நாள் முந்தி. சின்னவ போடு போடுன்னு நின்னா. பெருநாள் முடியட்டும்னு ஒரு மாசம் பூட்டி வச்சிருந்து, முடிஞ்ச மறுநாளே ஒரே மூச்சா எட்டையும் பாத்து முடிச்சோம். அதனால டிரைவர் காக்கா, முடிவு எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, வாயத் தெறக்க மாட்டேன்.

ஆனா உங்க குறைய நான் ஒத்துக்கிறல. நீங்க கடல்ல இருக்குற ஆளு, கடலப் பாக்குறீங்க. ரயில்வேக்காரங்க பாத்தா சிக்னல் தப்புங்குறாங்க, நர்ஸு பாத்தா ஊசி போட்டது தப்புங்குறாங்க. பொண்ணுங்களத் தப்பாக் காட்டுனா மட்டும் யாரும் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போறதில்ல. எனக்கு இந்த சீசன்ல புடிச்சதே அந்தப் பொண்ணுங்கதான். ஆளுக்கொரு ஸ்டேஷன்ல போய் நின்னு "நான்தான் கொன்னேன்"னு சொல்றாளுவ பாருங்க, பெரியவ என் கையப் புடிச்சவ கடைசி வரைக்கும் விடல. கௌரி கிஷன் அலமாரிக்குள்ளேருந்து வர்ற அந்த மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இன்னொண்ணு, 'வதந்தி' பாத்தீங்களா? 2022 டிசம்பர்ல வந்தது. கன்னியாகுமரிப் பக்கம். எஸ்.ஜே.சூர்யா போலீஸு, லைலா அந்தப் பொண்ணு வெலோனியோட உம்மா. செத்த பொண்ணப் பத்தி ஊரே ஆளுக்கொரு கதை சொல்லும். கடல் அதுல எவ்வளவு சரின்னு எனக்குத் தெரியாது. ஊர்வாய் அவ்வளவும் நெசம். எங்க தெருவுல ஒரு புள்ள ரெண்டு நாள் லேட்டா காலேஜ்லேருந்து வந்ததுக்கே மூணு கதை ஓடுச்சு. மூணாவது கதைய அந்தப் புள்ளயோட உம்மாகிட்டயே வந்து ஒருத்தி சொல்லிட்டுப் போனா.


பழைய ரைட்டர்:

நான் காவல் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கடலோர ஸ்டேஷன்களில் ரைட்டர் ஏட்டு. சீரிஸில் இன்ஸ்பெக்டர் ஓடுவார், எஸ்.ஐ. சுடுவார். எழுதுகிறவனை எவரும் காட்டுவதில்லை. ஒரு வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த மேஜையில்தான். விமல் நடித்த 'விலங்கு' ஒன்றில்தான் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இருந்தது. ஏழே எபிசோட். பொணத்துக்கு ராத்திரிக் காவல் போடுகிற அவஸ்தையை அதில் பார்த்தபோது எனக்குப் பழைய கொசுக்கடி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

தம்பி பந்தயத்துக்கு வருகிறேன். நண்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மூழ்கின உடல் முதலில் அடியில் போகும். உள்ளே அழுகி வாயு சேர்ந்து வயிறு உப்பினால்தான் மேலே வரும். நம் கடல் சூடான கடல். அதனால் ஒரு நாளிலும் வரலாம், மூன்று நாளும் ஆகலாம். குளத்தை விட உப்புத் தண்ணீரில் அழுகுவது கொஞ்சம் மெதுவு. கரையோரம் குளிக்கும்போது அலையில் மாட்டியவர்களை அலையே அன்றைக்கே தள்ளிவிடுவதும் உண்டு. ஆக மச்சான் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் நடுக்கடலில் போட்டது, மறுநாள் காலை, அதே இடத்தில், அதே கோலத்தில் என்றால் அதை டைரக்டர்தான் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். நான் பார்த்தவரைக்கும் கவிழ்ந்த வாக்கில், கை கால் கீழே தொங்க வரும். உள்ளங்கை உள்ளங்கால் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், சோப்புத் தண்ணீரில் ரொம்ப நேரம் துணி அலசின கை மாதிரி. மீனும் நண்டும் முதலில் தின்பது மெத்தென்று இருக்கிற இடத்தைத்தான். இமை, உதடு, காது மடல். இதை விவரமாக எழுத எனக்கே விருப்பமில்லை. நண்டுப் பந்தயம் கட்டினவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சீரிஸ்காரர்கள் கோட்டைவிடுகிற நல்ல விஷயம் ஒன்று சொல்கிறேன். உயிரோடு மூழ்கினானா, கொன்றுவிட்டுப் போட்டார்களா என்பதுதான் இந்த மாதிரி வழக்கில் முதல் கேள்வி. கடல் தண்ணீரில் டயட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. மூச்சு இருக்கும்போது மூழ்கினால் தண்ணீரோடு அது நுரையீரலுக்குப் போய், ரத்தத்தோடு ஓடி, எலும்பு மஜ்ஜை வரைக்கும் சேரும். இதயம் நின்ற பிறகு போட்டால் அவ்வளவு தூரம் போக வழி இல்லை. அதற்கு எலும்பை மட்டும் அனுப்பினால் போதாது, உடல் கிடந்த இடத்துத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து அனுப்ப வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு மழைக்கால ராத்திரி நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாட்டிலில் பிடித்திருக்கிறேன். கரையில் நின்ற பையன்கள், ஏட்டையா தீர்த்தம் பிடிக்கிறார் என்று சிரித்தார்கள். அதை யாராவது ஒரு எபிசோடில் வைத்தால் நான் கை தட்டுவேன்.

அடுத்து, கீழக்கரை அம்மா சொன்ன அந்தப் பெண்கள் சரணடைகிற விஷயம். எனக்கு அந்த இடத்தில்தான் சீரிஸ் மேல் மரியாதை வந்தது. போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 23. அவன் சொன்னதை வைத்துக் கத்தியோ நகையோ கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் கணக்கு வேறு. அவர், நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே வரும் என்று எச்சரித்துவிட்டுத்தான் எழுதுவார். ஆகவே ஒருத்தி ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டால் அது கேஸுக்கு ஆரம்பம், அவ்வளவுதான். அத்தனை பேரும் ஒப்புக்கொண்டால் ஒவ்வொருத்தி சொன்னதும் மற்றவள் சொன்னதைப் பொய்யாக்கும். சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? எழுதினவருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

இன்னும் பல சீரிஸில் "முன்னூத்தி ரெண்டு போடு" என்கிறார்கள். பழைய கதை என்றால் சரி. இப்போது நடக்கிற கதை என்றால் புதுத் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு 103. எனக்கும் வாயில் 302-தான் வருகிறது, என்ன செய்ய.


தெற்குவாடி டிரைவர்:

ரைட்டர் ஐயா, ரொம்ப நன்றி. நீங்க எழுதுனத மச்சானுக்குப் படிச்சுக் காட்டுனேன். இமை, உதடுண்டு வந்ததும் "நண்டு வேணாம், கோழி வாங்கு"ண்டுட்டான். எனக்குக் காசு மிச்சம்.

லாத்தா, நீங்க சொன்னதுல ஞாயம் இருக்கு. ஆனா நான் கடலப் புடிச்சுத் தொங்குறது சும்மா குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கு இல்ல. கடல் தப்பாப் போனாக் கதையும் தப்பாப் போகுது. எப்புடிண்டு சொல்றேன்.

கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்துல தென்கடல் கொதிக்கும், வடகடல் கொளம் மாதிரிக் கெடக்கும். வடகிழக்கு வாடை வந்துருச்சுண்டா அப்புடியே தலகீழு. காத்து திரும்புனா நீரோட்டமும் திரும்பும். கச்சான்ல பாம்பன் கால்வாய்ல தண்ணி தெக்கேருந்து வடக்க ஓடும், வாடையில வடக்கேருந்து தெக்க. பெருசுக இந்த ஓட்டத்த நீவாடும்பாங்க. அப்ப மே மாசத்துல தெக்க போட்ட பொருள வடக்க போய்த்தான் தேடணும். எங்க தாத்தா காலத்துல ஒரு வள்ளம் கயித்தறுத்துக்கிட்டுப் போச்சாம். எல்லாரும் தெக்க தேடுனப்ப அவரு மட்டும் வடக்குக் கரையில போய்த் துண்ட விரிச்சு உக்காந்துருந்தாராம். ரெண்டாம் நாளு அதுவே வந்து சேந்துச்சாம். வள்ளத்துக்குச் சொன்னது பொணத்துக்கும்தான். ஒரு நல்ல போலீசுக்காரர் எங்கள மாதிரி ஒரு கெழவனக் கூப்புட்டு, இன்ன தேதியில இன்ன எடத்துல கெடச்சா எங்கேருந்து வந்துருக்கும்ண்டு கேட்டாருண்டா, கதை அங்கேருந்து ரெண்டு எபிசோட் போகும். ஒரு சீரிஸ்லயும் கேக்க மாட்டேங்குறாங்களே.

ஒத்த ஆளு போட்டு எடுக்குறதச் சொன்னேன்ல. விசைப்படகுக்கு டிரைவரோட அஞ்சாறு பேரு வேணும். கடலுக்குப் போறதுக்கு மீன்துறையில டோக்கன் வாங்கணும், எந்தப் போட்டு, யாரு யாருண்டு அங்க இருக்கும். வாரத்துல மூணு நாளு எங்களுக்கு, மத்த நாளு நாட்டுப்படகுக்கு. டீசல் எவ்வளவு புடிச்சோம்ண்டு பில்லு இருக்கும். பெரிய போட்டு தெக்கேருந்து வடக்க போகணும்ண்டா பாலம் தூக்கணும், அன்னைக்குக் கர முழுக்க வேடிக்க பாக்கும். இம்புட்டையும் தாண்டித்தான் ஒருத்தன் பொணத்த ஏத்திக்கிட்டுப் போறானாம். சரி, வத்தையில, அதான் சின்ன நாட்டுப்படகுல, போறாண்டே வைங்க. எஞ்சினுக்குச் சத்தம் இருக்குல்ல?

இங்கதான் எங்கம்மா கணக்கு வருது. எஞ்சின் சத்தத்த வச்சே இன்னாரு வத்தைண்டு சொல்லிப்புடும். அது சின்ன வயசுலேருந்து தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போன ஆளு. முங்கி எந்திரிச்சா கூட வந்த பொம்பளைகளக் கொண்டுபோய்ச் சேக்குற வத்தை எங்க நிக்குதுண்டு காதாலதான் கண்டுபுடிக்கணுமாம். டீவியிலயும் அப்புடித்தான். மூஞ்சியப் பாக்காது. "இவன் சோறு திங்கிறப்பப் பேசுற பேச்சும் போலீசுகிட்டப் பேசுற பேச்சும் வேறயா இருக்குடா"ண்டு மொத எபிசோட்லயே ஒரு ஆளச் சொல்லி வச்சிருக்கு. யாருண்டு நான் இங்க எழுதல. சரியா இருந்துட்டா உங்களுக்குப் பாழாப் போயிரும்.


கீழக்கரை லாத்தா:

காக்கா, உங்க அம்மாவக் கூட்டிட்டுக் கீழக்கரைக்கு வாங்க, எங்க உம்மாவும் அவங்களும் சேந்தா ஒரு ஸ்டேஷனே நடத்திருவாங்க.

ஆனா ஒரு கேள்வி. சத்தத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சுரும்னா, உங்க ஊருல ஒரு திருட்டும் மறையக் கூடாதே? மறையுதுல்ல? அப்ப தெரிஞ்சும் யாரும் சொல்றதில்லைன்னு ஆகுது. சீரிஸ்காரங்க அதத்தான எடுக்குறாங்க? காளிபட்டினத்துலயும் அதான நடக்குது?


தெற்குவாடி டிரைவர்:

லாத்தா, ரெண்டு நாளா இந்தக் கேள்விக்கு என்ன எழுதறதுண்டு தெரியாம இருந்தேன். அம்மாகிட்டயே கேட்டேன். அது சிரிச்சுச்சு. எழுதிக்கடாண்டுச்சு. அதனால எழுதுறேன்.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி, பக்கத்து வீட்டு வத்தையோட எஞ்சின் காணாமப் போச்சு. அவுட்போர்டு எஞ்சின், கடன் வாங்கிப் போட்டது, தவண பாதிகூடக் கட்டல. ராத்திரி கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாம வத்தையிலயே விட்டுட்டான். காலைல பாத்தா வத்தை மட்டும் கெடக்கு. அவன் பொஞ்சாதி மணல்ல உக்காந்து அழுத அழுக தெருவே கூடிருச்சு.

போலீசு வந்துச்சு. வீடு வீடாக் கேட்டாங்க. எல்லாரும் தூங்கிட்டோம்ண்டாங்க. நானும் சொன்னேன். நான் நெசமாத் தூங்குனேன், அது வேற. அம்மாகிட்டயும் கேட்டாங்க. "வயசான கட்ட, காதும் கேக்கல, கண்ணும் தெரியல"ண்டுச்சு. காது கேக்கலையாம்! எனக்குப் பக்குண்டு இருந்துச்சு.

அவங்க போன பொறகு கேட்டேன். அன்னைக்குக் காத்து விழுந்துருந்துச்சாம். ரெண்டு மணி வாக்குல திண்ணையில முழிச்சுக் கெடந்துருக்கு. எவனோ எஞ்சினக் கழட்டித் தோள்ல வச்சு நடக்குற சத்தம், மணல்ல ஒரு காலு மட்டும் அழுத்தமா ஊண்டுற சத்தம். கொஞ்ச நேரத்துல தெக்க ஒரு வத்தை கெளம்புச்சாம். மூணாவது இழுப்புலதான் எஞ்சின் புடிச்சுச்சாம். "மூணாவது இழுப்புல புடிக்கிறது யாரு எஞ்சினுண்டு ஒனக்கும் தெரியும்"ண்டுச்சு. எனக்குத் தெரியல, லாத்தா. சத்தியமாத் தெரியல. எஞ்சின் சத்தத்துலயே 19 வருசம் இருந்தும் எனக்கு அந்தக் காது வாய்க்கல.

யாருண்டு சொல்லும்மாண்டு கெஞ்சிப் பாத்தேன். சொல்லல. "நீ கடலுக்குப் போற ஆளு. அவன் ஒன் போட்டுல ஏறுவான், இல்ல ஒன் போட்டுக்கு ஒண்ணுண்டா கயிறு எறிய வருவான். அப்ப நீ அவன் மூஞ்சியப் பாத்துட்டுக் கயித்தப் புடிக்க யோசிப்ப"ண்டுச்சு.

மறுநா சாயங்காலம் அம்மா கம்ப ஊண்டிக்கிட்டு வெளிய போச்சு. அது வெளிய போறதே அபூர்வம். எந்தத் தெருவுக்குப் போச்சு, யாரு வீட்டுல உக்காந்துச்சு, ஒண்ணும் தெரியாது. அரமணி நேரத்துல வந்துருச்சு. வந்து கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துருச்சு. மூணாம் நாளு விடியக்காலம் அந்த எஞ்சின் பழைய பன மரத்துக்குக் கீழ, பழைய வலையப் போட்டு மூடி, அப்புடியே இருந்துச்சு. உள்ள கொஞ்சம் பெட்ரோல்கூட ஊத்தி வச்சுருந்தான் அந்தப் புண்ணியவான். பக்கத்து வீட்டுக்காரன் போலீசுகிட்டப் போயி, கெடச்சிருச்சுண்டு எழுதிக் குடுத்துட்டான்.

இன்னைக்கு வரைக்கும் அது யாருண்டு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அதுக்குப் பொறகு என் போட்டுல ஏறுறவன் ஒவ்வொருத்தனும் மணல்ல எப்புடிக் காலு ஊண்டுறாண்டு நான் பாத்துக்கிட்டே இருக்கேன். எல்லாரும் ஒரு காலத்தான் அழுத்தி ஊண்டுறானுங்க!

நீங்க கேட்டது சரிதான். ஊருக்குத் தெரியும், ஊரு சொல்லாது. ஆனா சீரிஸ்ல ஊரு சொல்லாட்டி பயம், இல்ல துரோகம்ண்டு காட்டுறாங்க. எல்லாரும் இருட்டுல நிண்டு மொறைச்சுப் பாப்பாங்க. எங்கம்மா மொறைக்கவும் இல்ல, பயப்படவும் இல்ல. பொய் சொல்லிட்டுக் கஞ்சி குடிச்சுச்சு.


தொண்டிப் பொடியன்:

அண்ணே, அம்மா கால்ல விழுகுறேன்னு சொல்லுங்க. இத எட்டு எபிசோட் எடுத்தா நான் காசு குடுத்துப் பாப்பேன். இதுவரைக்கும் எந்த சீரிஸையும் காசு குடுத்துப் பாத்ததில்ல, மாமா அக்கவுண்டுதான்.


பழைய ரைட்டர்:

தம்பி, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"வீடு வீடாக விசாரித்ததில் எவரும் சத்தம் கேட்டதாகச் சொல்லவில்லை" என்று நான் என் கையால் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தெருவிலும் திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். வயது 70 இருக்கும், காது கேளாதவர் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

சட்டப்படி உங்கள் அம்மா செய்தது தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். ஓய்வு பெற்றாயிற்று. எஞ்சின் திருட்டோடு நின்றதால் பரவாயில்லை என்கிறேன். கொலை என்றால் அந்த அம்மா என்ன செய்திருப்பார்கள்? கேட்டுச் சொல்லுங்கள். எனக்காக இல்லை, தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.


கீழக்கரை லாத்தா:

ரைட்டர் வாப்பா கேட்டதையே நானும் கேக்கணும்னு நெனச்சேன். கேட்டுச் சொல்லுங்க காக்கா. அப்படியே எட்டாவது எபிசோட் பாத்துட்டும் வந்து சொல்லுங்க, எனக்குப் பேச ஆள் இல்ல. மகள்மார் அடுத்த சீரிஸுக்குப் போயிட்டாளுவ.


தெற்குவாடி டிரைவர்:

கேட்டேன் ஐயா. ஓலைய மடக்கிக்கிட்டே, "கொலண்டா அது சத்தம் போட்டா நடக்கும்?"ண்டுச்சு. அதுக்கு மேல ஒண்ணும் பேசல. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஏழு எபிசோட் முடிஞ்சுருச்சு. அம்மா சொல்லி வச்ச ஆளுதான் கொலகாரனா இல்லையாண்டு இன்னும் தெரியல. வீட்டுக்காரி அவ டீ குடிக்கிற ஆள விட மாட்டேங்குறா. இன்னைக்கு 13-ஆந் தேதி. நாளையோட தடை முடியுது. போட்டுக்கு ஐஸு ஏத்தணும், டீசல் புடிக்கணும், டோக்கனுக்கு நிக்கணும். கடசி எபிசோட இன்னைக்குப் பாப்போம்ண்டு உக்காந்தா கரண்டு போயிருச்சு.

வீட்டுக்காரி, நான் கடல்ல இருக்குறப்பப் பாத்து முடிச்சுருவேண்டு சொல்லிட்டா. அவ அண்ணன் போட்டுல வாக்கிடாக்கி இருக்கு. அதுல யாரும் முடிவச் சொல்லிறக் கூடாதுண்டு இப்பவே சத்தியம் வாங்கியிருக்கேன். மச்சான் வாய நம்ப முடியாது. அந்தச் சேனல்ல சொன்னாண்டா எனக்கு மட்டுமில்ல, அன்னைக்குக் கடல்ல நிக்கிற அத்தன போட்டுக்கும் கேக்கும்.